வலி தெரியாத கால்

கல்யாண ஊர்வலத்தில் ஆடும் குதிரை ஒன்றை நாரணாபுரத்தில் வளர்க்கிறேன். பெயர் ராணி. முன்னங்கால் முட்டி வீங்கி நொண்டினால் வலி ஊசி வாங்கி நானே போட்டுவிடுவேன். அன்று சாயங்காலமே தார்ரோட்டில் ஆடும்.

வீக்கம் வற்றாததால் ஒருநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனேன். வழியில் நொண்டக் கூடாதே என்று கிளம்பும்போதும் ஓர் ஊசி போட்டிருந்தேன். டாக்டரம்மா முட்டியை மடக்கிப் பார்த்தார். ராணி அசையவில்லை.

“வீக்கம் கொஞ்சம் இருக்கு. ஆனா நல்லாத்தானே நடக்கு? நீங்களாவது வாயத் தொறங்க அண்ணாச்சி, குதிரைதான் பேசாது.”

ஊசி போட்டதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ராணி வீங்கிய அந்தக் காலையே அழுத்தி ஊன்றி நின்றது. திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை.

“வலி தெரியாம ஆடியிருக்கு. ஆட ஆட உள்ள குருத்தெலும்பு தேஞ்சிருக்கும்.”

“சத்துப் பவுடர் கொடுக்கட்டாம்மா?”

“தேஞ்சது பவுடர்ல வளராது. இனி ஆட வைக்காதீக.”

இப்போது மண்பாதையில் மெதுவாக நடத்துகிறேன். அது நொண்டினால் நானும் நின்றுவிடுகிறேன். வாயில்லாத அது காலால் சொன்னதைத்தான் இத்தனை நாள் ஊசி போட்டு அடக்கியிருக்கிறேன்.