வெந்நி வண்டி

மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு ஒரே ஆடம்பரம் அந்தக் கார். இங்கிலாந்தில் செய்த, கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். நான்கு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அதை ஓட்டும்போது பேச வேண்டியதில்லை.

என் மனைவியின் அண்ணன், தன் மூத்த மகனின் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைக் கேட்டார். திருக்கோகர்ணம் கோயிலிலிருந்து மண்டபம் வரை, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போக வேண்டும். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை இறங்கி நடந்தான். பந்தியில் மச்சான் என் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ரசத்துக்கு வெந்நி பத்தலையாம் மாப்ள. ஒங்க வண்டியில பிடிச்சுக்கவா?"

பந்தியே சிரித்தது. மோர் வருமுன் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அதன்பின் சொந்தக்காரர்கள் வாயில் அது வெந்நி வண்டி.

இதற்கு அதே தெருவில் பதில் சொல்லாமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். கடை மூடிய பிறகெல்லாம் காரோடுதான் கிடந்தேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றி அலசினேன், சேறாகக் கொட்டியது. தீப்பொறி தாமதமாக விழுந்தது; டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பி டைமிங்கைச் சரிசெய்தேன். கார்புரேட்டர் இரண்டும் ஒன்றுபோல் காற்றை இழுக்கின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டேன். எஞ்சின் இழைந்து ஓடியது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அன்று மட்டும் ஏன் அவ்வளவு கொதித்தது?

ஒரு நாள், காற்றை அடைத்தால் என்ன ஆகும் என்று அரிசிச் சாக்கை முன்பக்கக் கிரில்லில் கட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முள் விறுவிறுவென்று ஏறியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. "பூ பத்தாதுய்யா, வண்டி மூஞ்சியே தெரியக் கூடாது" என்று பூக்காரரை விரட்டி, கிரில் மேல் செவ்வந்தியை மெத்தையாகக் கட்டவைத்தவர் மச்சான்தான். காற்று போக வழியில்லை. என் வண்டியின் மூக்கைப் பொத்திவிட்டு என்னையே பார்த்துச் சிரித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இளையவன் கல்யாணத்துக்கு அவர் என்னைக் கேட்கவில்லை. புதுப் பெரிய கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். கோயில் வாசலில் அதற்கும் மெத்தையாகப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பின்பக்கம் மட்டும் ஒரு சரம் தொங்கவிட்ட என் காரில் ஊர்வலத்தின் பின்னால் போனேன்.

முன்பு என் வண்டி நின்ற இடத்தைத் தாண்டக்கூட இல்லை. புதுக் காரில் சிவப்பு விளக்கு எரிய, டிரைவர் நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தார். மச்சான் வியர்வையோடு என்னிடம் வந்தார்.

"மாப்ள, நல்ல நேரம் போகுது. பயல ஏத்திக்கிறீங்களா?"

"ஏறச் சொல்லுங்க."

மகன் ஏறியதும் அவரும் கதவில் கை வைத்தார். ஊர்வலத்தின் பின்னால் வரும்போதே பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நாதஸ்வரம் நின்றிருந்த நேரம்.

"ரெண்டு பேர் வண்டி மச்சான். நீங்க நடந்து வாங்க. ரசத்துக்கு வெந்நி வேணும்னா அந்தா, புது வண்டியில பிடிச்சுக்கங்க."

தெருவே சிரித்தது. மண்டபம் வரை முதல் கியரிலேயே போனேன். முள் நடுவிலேயே நின்றது. மச்சான் என் பக்கத்தில் நடந்து வந்தார். அவர் பின்தங்கியபோதெல்லாம் இன்னும் மெதுவாக ஓட்டினேன்.