பாக்கியத்தின் கூடையில் நான் போட்ட பிஞ்சுகள்

வியாழக்கிழமை, காலை ஏழு மணி. தேனி அல்லிநகரத்தில் ஒரு டீக்கடை வாசலில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். இரண்டு நாள் பயணம். ஆளுக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய். சாப்பாடு, தங்குமிடம், வேன், ஜீப் எல்லாம் அதற்குள் அடக்கம். எங்களை அழைத்துப் போகிறவர் ஸ்டீபன். தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காரப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தவர்.

டீ குடித்து முடித்ததும் அவர் எங்களை அரைவட்டமாக நிற்க வைத்துச் சொன்னார்: "போட்டோ எடுக்கணும்னா மொதல்ல கேளுங்க. அவுக சிரிச்சா மட்டும் பத்தாது, சரின்னு வாயால சொல்லணும். பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுக்காதீக. நாளைக்கு ஏலத்தோட்டத்துல செடியத் தொடாதீக. அவுகளே பறிங்கன்னாலும் தொடாதீக. அங்கன அவுக வேலை செய்றாக, நாம வேடிக்கை பாக்கப் போறோம். அத மறந்துட்டா அப்புறம் நான் எதுக்கு?"

எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டியவன் நான்தான். கழுத்தில் பெரிய கேமரா தொங்கவிட்டிருந்த வசந்தி மேடத்தைப் பார்த்து, இவர்தான் முதலில் விதியை மீறுவார் என்று மனதுக்குள் எழுதியும் வைத்துவிட்டேன்.

பெயர் கொடுத்த தாளில் என் ஊர் கோயம்புத்தூர் என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை. அங்கே ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆனால் பிறந்து வளர்ந்தது கம்பத்தில். என் அம்மா கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி, கேரள எல்லைக்கு அப்பால் ஏலக்காய் பறிக்கப் போனவர். நான் கண்விழிக்கும்போது அவர் போயிருப்பார். விளக்கு வைத்த பிறகு வருவார். கையில் பச்சை ஏலத்தின் வாசம் இருக்கும். நான் சாப்பிடுவதை விட்டுவிட்டு அந்தக் கையை மோந்துகொண்டிருப்பேன். "அங்கன என்னம்மா இருக்கு?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல. காடு." ஒருநாள் என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அழுதபோது, "நீ அந்த ஜீப்புல கால வச்ச, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்காக அவர் போட்ட வேலி அது.

வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், அவரை ஜீப் ஏறாதே என்று தடுத்ததுதான். மறுபேச்சுப் பேசாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டார். இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் அவருடைய பகல்களெல்லாம் போன இடத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் எனக்கு நிற்கவில்லை. வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். ஸ்டீபனின் குழுவை மட்டும் ஒரு தோட்டத்தில் அனுமதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மாவிடம் சொல்லாமல் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் முழுக்கச் சமவெளியில் போனது. சின்னமனூரில் இட்லி, உத்தமபாளையத்துக்கு அப்பால் சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல். பந்தலுக்குக் கீழே போனால் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தபடியே அரை மணி நேரம் நடந்தோம். தோட்டக்காரர் பன்னீர் திராட்சை கிலோ எழுபது ரூபாய் என்றார். பேரம் பேச வாய் திறந்த ஒருவரை ஸ்டீபன் கண்ணால் நிறுத்தினார். இரவு கம்பத்துக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கல். அங்கிருந்து எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர். போகவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை. கம்பம்மெட்டுச் சாலையில் ஜீப் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பள்ளத்தாக்கு கீழே இறங்கிப் போயிற்று. நெல் வயல், தென்னை, வாழை எல்லாம் ஒரே பச்சையாகக் கலந்தன. பின்னால் உட்கார்ந்திருந்தவர் இடம் போதவில்லை என்று முனகினார்.

டிரைவர் திரும்பாமலே சிரித்தார். "பொம்பளையாளுக ஆறு மணிக்கே போயிட்டாக சார். இதே மாதிரி வண்டியில பதினாலு பேரு. தூக்குவாளி தனி."

எல்லைச் சாவடியைத் தாண்டி ஒரு கடையில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். ஒன்பதரைக்குத் தோட்டம்.

நான் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு. பெரிய மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு மேல் ஏலச்செடி. காய் உச்சியில் இல்லை. அடித்தூரிலிருந்து சரம் சரமாக ஓடி மண்ணிலேயே கிடக்கிறது. பறிப்பவர்கள் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்து, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, ஈர மண்ணில் உட்கார்ந்தபடியே நகர்கிறார்கள். அம்மா இருபத்தொரு வருடம் இப்படி நகர்ந்தவர். அவருடைய முழங்கால் மூட்டு ஏன் அப்படிப் போயிற்று என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. எந்தச் செடியைப் பார்த்தாலும், இதன் அடியில் அவர் உட்கார்ந்திருப்பாரோ என்றுதான் தோன்றியது.

சிவப்புக் கூடையோடு இருந்தவர் பெயர் பாக்கியம்; நாற்பத்தைந்து வயது இருக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. வசந்தி மேடம் அவரிடம் போய்ப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். "வேணாம்மா, மூஞ்சியெல்லாம் வேர்வை" என்று பாக்கியம் சிரித்தார். மேடம் அப்படியே கேமராவைப் பைக்குள் வைத்து மூடினார். பிறகு அது வெளியே வரவேயில்லை.

ஸ்டீபன் மற்றவர்களை முன்னால் அழைத்துப் போனார். நான் பின்தங்கினேன். என் அம்மா செய்த வேலை. என் கைக்கு இல்லாத உரிமையா என்றது மனம்.

"நானும் கொஞ்சம் பறிக்கட்டுமாக்கா?"

பாக்கியம் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "பறிங்க தம்பி. என்னத்தக் கொறஞ்சு போகுது."

மண்டியிட்டேன். பருமனாக, பளபளப்பாக இருந்ததையெல்லாம் பறித்தேன். இரண்டு கைப்பிடி. அவர் கூடையில் போட்டேன். பக்கத்துச் செடியில் இருந்த பெண், "ஏத்தா, தம்பி கை வேகமாத்தான் இருக்கு. நாளைக்கு ஜீப்புல ஒரு எடம் போட்டுருவோமா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விரல்களை மோந்து பார்த்தேன். அதே வாசம்.

பதினொன்றரைக்குச் சூப்பர்வைசர் வந்தார். பாக்கியம் சாப்பாட்டு நேரத்தில் என் காய்களைப் பொறுக்கி எறிந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். சூப்பர்வைசர் அதற்கு முன்பே வந்து, கூடையைத் தாளில் கவிழ்த்தார். மேலே கிடந்தது எல்லாம் பிஞ்சு. ஒரு சரத்தில் ஒன்றிரண்டு காய்தான் ஒரு பறிப்புச் சுற்றில் முற்றும். மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு விடவேண்டும். பருமன் கணக்கே இல்லை; தொட்டதும் கையோடு வருவதுதான் முற்றிய காய். நான் எல்லாவற்றையும் பிய்த்திருந்தேன்.

"இது என்னா பாக்கியம்? கண்ணு தெரியலையா?" அவருடைய தமிழில் மலையாளம் கலந்திருந்தது. "நாளைக்கு நீ வண்டியில கேறண்டா, ஏற வேணாம்."

பாக்கியம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. விருந்தாளியைக் காட்டிக்கொடுக்காமல், கவிழ்ந்து கிடந்த காயையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் சில நொடிகள் பேசாமல் நின்றேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். ஸ்டீபனும் குழுவும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"சார், அது நான் பறிச்சது. அக்கா மேல தப்பில்ல."

சூப்பர்வைசர் என் சட்டையை, ஷூவை, மண் ஒட்டிய முழங்காலைப் பார்த்தார். "விருந்துகாரு இப்படித்தான் சொல்லும். நாளைக்குப் பாக்கலாம்" என்று அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

இறங்கும் வழியில் ஸ்டீபன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேட்டுத்தாண்ணே பறிச்சேன்" என்றேன்.

"வீடு தேடி வந்தவன் தண்ணி கேட்டா யாராச்சும் இல்லம்பாகளா? அதான் அவுகளே பறிங்கன்னாலும் தொடாதீகன்னேன்."

"எங்கம்மா இந்த மலைக்குத்தாண்ணே வந்தாக. இருபத்தொரு வருசம்."

அவர் வெளியே பார்த்தார். "அப்ப எனக்கு முந்தி உங்களுக்கில்ல தெரிஞ்சிருக்கணும்."

மாலை ஐந்து மணிக்குக் கம்பத்தில் இறங்கிக்கொண்டேன். வேன் மற்றவர்களோடு தேனிக்குப் போயிற்று. வசந்தி மேடம் சன்னல் வழியாகக் கையசைத்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அம்மா கதவைத் திறந்தார். "ஏலே, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற?" என்று என் பையை வாங்கினார். வாங்கிய கை நின்றது. என் விரல்களைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்கன போன?"

சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"யாரு கூடையில போட்ட?"

"பாக்கியம்னு. ரெண்டு பக்கமும் மூக்குத்தி."

"பிஞ்சா?"

தலையைக் குனிந்தேன். "படிச்சவன்தான நீ?" என்றார். "காலைல என்கூட வா."

சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். ஜீப் நிற்கும் இடத்தில் பாக்கியம் தூக்குவாளியோடு தனியாக ஒதுங்கி நின்றார். மற்றப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா முழங்காலைப் பிடித்தபடி நடந்து போய் அவர் முன்னால் நின்றார்.

"ஏத்தா பாக்கியம், எம் மகன் செஞ்ச வேலயாம்ல."

"யக்கா, ஒம் மகனா?" பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான் கை அம்புட்டு வேகம். கண்ணத்தான் ஒங்கிட்டயே விட்டுட்டு வந்துட்டான்."

ஜீப்புக்குள் சிரிப்பு வெடித்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அது சிரிப்பில் கரைந்தே போயிற்று. அம்மா டிரைவரிடம் திரும்பினார். "சூப்பர்வைசர் எதும் சொன்னாகளாப்பா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்லலைன்னா ஏற வேண்டியதுதான."

பாக்கியம் ஏறினார். ஓரத்து இடம். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவரை இடித்துத் தள்ளி ஒரு சாண் இடம் உண்டாக்கினார். "இது நீ ஒக்காந்த எடந்தானக்கா. ஏறு, மடியில வச்சுக்கிறேன்."

"போடி" என்றார் அம்மா. ஆனால் ஜீப்பின் கம்பியைப் பிடித்த கை விடவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் விரல்கள் பிரிந்தன. கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டி ஜீப் மறையும்வரை அவர் அங்கேயே நின்றார். அந்த மலை என் அம்மாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதனிடமிருந்து அவரைப் பிரித்தவன் நான்.

"வாம்மா, போவோம்" என்றேன்.

அவர் மேற்கே பார்த்தபடியே இருந்தார்.

"இப்பப் போனா அங்கன பனி விலகியிருக்காது" என்றார், நான் எதுவும் கேட்காமலே. "எட்டு மணிக்குத்தான் செடி கண்ணுக்குத் தெரியும். அதுவரைக்கும் எல்லாரும் மரத்தடியில ஒக்காந்து பேசிக்கிட்டிருப்போம்."