ரங்கூனுக்கு ஆறு மணி ஐந்து நிமிஷம்

"மாமு, ரங்கூன் கப்பல் எப்போ வருது?" என்று ராயபுரத்தில் யார் கேட்டாலும் காஜா மொய்தீன் யோசிக்காமல் நாளும் மணியும் சொல்லிவிடுவார். துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா அவர். இருபத்தாறு வருஷ வேலை. அவர் சொன்ன நேரத்துக்குக் கப்பல் வராவிட்டால் ஜனங்கள் கப்பலைத்தான் திட்டுவார்கள்.

ஒரே மகள் ஜீனத்தை ரங்கூனில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுடைய தலைப்பிரசவத்துக்குப் போக மார்ச் இருபதாம் தேதிக் கப்பலில் டிக்கெட் எடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டும் பர்மிட்டும் கைக்கு வந்துவிட்டன. 1953 மார்ச் 11, புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு மருமகன் லியாகத் அலியின் தந்தி வந்தது. 'ஜீனத் விடியற்காலை மௌத். குழந்தையும் தங்கவில்லை. இன்று மாலை அஸர் தொழுகைக்கு அடக்கம்.'

அவர் மனைவி அஜீசா அழுது முடிக்கவில்லை. "கப்பல் வாணாங்க, ஏரோப்ளேன்ல போங்க. மண்ணு போடறதுக்குள்ள புள்ள மொகத்த நீங்களாவது பாத்துட்டு வாங்க."

காஜா மொய்தீன் ஒரு பழைய கடல் வரைபடத்தை விரித்து, சென்னைக்கும் ரங்கூனுக்கும் நடுவே நூல் பிடித்தார். 951 கடல் மைல். தரைக் கணக்கில் 1,094. விமானம் மணிக்கு நூற்றெண்பது மைல் போகும் என்று படித்திருந்தார். ஆறு மணி ஐந்து நிமிஷம். ஏற, இறங்க என்று தாராளமாக நேரம் சேர்த்துக்கொண்டு, பத்து ஐம்பதுக்குத் தந்தி கொடுத்தார். 'அடக்கம் நிறுத்து. விமானத்தில் வருகிறேன். நாளை காலை எட்டு மணி.'

அதன் பிறகுதான் பக்கத்து வீட்டு ரஹீமோடு மவுண்ட் ரோடு விமானக் கம்பெனிக்குப் போனார்.

"ரங்கூனுக்கு இங்கேயிருந்து நேரா கிடையாதுங்க, பெரியவரே. ராத்திரி தபால் ப்ளேன்ல நாக்பூர், அங்கே மாறி கல்கத்தா. கல்கத்தாவிலேருந்து ரங்கூன் ப்ளேன் சனிக்கிழமைதான்" என்றார் கம்பெனிக்காரர்.

"இன்னா சார் இது! தண்ணில போற கப்பலே நேரா போவுது. பறக்கிறது ஊரச் சுத்திகினு போவுமா?" என்றான் ரஹீம்.

இரண்டு துறைமுகத்துக்கு நடுவில் கடலில் ஒரு கோடு. காஜா மொய்தீன் வாழ்நாளில் அறிந்த பாதை அது ஒன்றுதான். மய்யித்தைச் சனிக்கிழமை வரை வைத்திருக்க முடியாது. பன்னிரண்டு நாற்பதுக்கு இரண்டாவது தந்தி கொடுத்தார். 'வரவில்லை. காத்திருக்க வேண்டாம். அடக்கம் செய்.'

வீட்டில் அஜீசா அவருக்கு ஒரு சட்டையும் லுங்கியும் மடித்து வைத்திருந்தாள். "எத்தினி மணிக்குங்க ப்ளேனு?"

"எடுத்து உள்ள வை."

ஒன்பது நாள் கழித்து லியாகத் அலியின் கடிதம் வந்தது. 'முதல் தந்தி உடனே கிடைத்தது. இரண்டாவது, வியாழன் காலை ஒன்பது பத்துக்குத்தான் வந்தது. மாமா குறித்த நேரம் தப்பாது என்று ஐஸ் வைத்துக் காத்திருந்தோம். மய்யித்தைக் காக்க வைக்கலாமா என்று பெரியவர்கள் ஏசினார்கள். எட்டு மணிக்கு ஏரோப்ளேன் சத்தம் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்தோம். மதியம் லுஹர் தொழுகைக்கு அடக்கம் செய்தோம்.'

புதன் அஸரிலிருந்து வியாழன் லுஹர் வரை, இருபத்தொரு மணி நேரம். கடிதத்தை அஜீசாவுக்குப் படித்துக் காட்டும்போது காத்திருந்ததைச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டார்.

ஏப்ரலில் ஒருநாள் துறைமுக வாசலில் ரஹீம் கேட்டான். "மாமு, ரங்கூன் கப்பல் எப்போ வருது?"

"தெரியாது. ஆபீஸ்ல கேளு."

அந்தக் கப்பல் அவர் முதுகுக்குப் பின்னால், அலை தடுக்கும் சுவருக்கு அப்பால், நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது.