ஒரு மாரிக்குப் பொறுப்பு

அந்தக் கடுதாசியை எழுதியவன் நான்தான். கோடு போட்ட கொப்பித் தாள், நீல மை, ஆறே வரி. பட்டினத்தில் மின்சாரம் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. மலாயாவில் புகையிரத நிலைய அதிபராக இருந்து திரும்பிய பென்சனியர் ஒருவர் கல்வீடு கட்டி, எங்கள் பகுதியில் வயர் இழுக்கும் கொந்தராத்துக்காரரைக் கொண்டு விளக்குப் போட்டிருந்தார். பழுது வந்தால் எவ்வளவு காலத்துக்கு அந்த மனிதர் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எனக்குச் சட்டமொழி தெரியும் என்று நானே பரப்பிவிட்டிருந்ததால், இருவரும் என்னை அழைத்தார்கள்.

பென்சனியர் பன்னிரண்டு மாதம் என்றார். கொந்தராத்துக்காரருக்கு மாதங்களில் நம்பிக்கை இல்லை. வயருக்கு எதிரி நாள் அல்ல, ஈரம். சுண்ணாம்புச் சுவரில் மழை ஊறும்போதுதான் வேலையின் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. “ஒரு மாரி கழியட்டும். அதுக்குள்ளை என்ன வந்தாலும் என்ரை தலையிலை” என்றார். எனக்கு அது அழகாகப் பட்டது. அப்படியே எழுதினேன். மாரி என்றால் எவ்வளவு மழை என்று எழுதத் தோன்றவில்லை.

அந்த வருடம் கார்த்திகை தூறலோடு போயிற்று. தை பிறந்ததும் கொந்தராத்துக்காரர் வந்தார். ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வயர் இழுக்கும் பெரிய வேலை அவருக்குக் கிடைக்க இருந்தது. முந்தைய வேலையின் பொறுப்புக் காலம் குறையின்றி முடிந்ததென்று வீட்டுக்காரரின் கடிதம் ஒன்றுதான் ஆஸ்பத்திரிக்காரர் கேட்டார்கள். பென்சனியர் மறுத்துவிட்டார். அவருக்கு அந்தப் பொறுப்பு இனித்துப்போயிருந்தது. பல்பு மங்கினாலும், விளக்கடியில் பல்லி செத்துக் கிடந்தாலும் ஆளனுப்புவார். மனிதர் சைக்கிளில் வந்து நிற்பார்.

“மலாயாவிலை இதை மழையெண்டு சொல்லமாட்டினம், தம்பி. வேர்வையெண்டு சொல்லுவினம்” என்றார் பென்சனியர் என்னிடம்.

“கிணறு ஏறியிருக்கு, தவளை கத்துது. மாரி இனி என்னெண்டு வாறது, மாஸ்டர்?” என்றார் மற்றவர்.

எழுதியவன் சொல்லட்டும் என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். கதவுச் சீலைக்குப் பின்னால் பென்சனியரின் மகள் நிற்பது எனக்குத் தெரியும். அவளைக் கேட்டு என் வீட்டார் போன கிழமைதான் ஆள் அனுப்பியிருந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. நான் எழுந்து, தொண்டையைச் செருமி, சுவரை விரலால் தட்டினேன். சுவர் உலர்ந்திருக்கிறது, ஆகவே மாரி கழியவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

“சுவர் காஞ்சு கிடக்கிறதும் என்ரை பிழையோ?” என்று மட்டும் கேட்டார் கொந்தராத்துக்காரர்.

ஆஸ்பத்திரி வேலை கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. பெண் எனக்குக் கிடைத்தாள். அடுத்த மாரியில் வெள்ளம் வாசற்படி ஏறியது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். மாமனாரின் முகம் கோணும் என்று இருந்துவிட்டேன். கொந்தராத்துக்காரரும் கேட்கவில்லை, வந்து பல்பு மாற்றிக்கொண்டே இருந்தார்.

சில வருடங்களின் பின் என் சொந்த வீட்டுக்கு விளக்குப் போடவும், வெட்கமில்லாமல், அவரையே கூப்பிட்டேன். வயர் ஓடும் மரச்சட்டங்களை நூல் பிடித்தாற்போல் அடித்து முடித்தார். இதற்கும் ஒரு பொறுப்புக் கடுதாசி எழுதுவோமா என்று, பழக்கதோஷத்தில், கேட்டுவிட்டேன்.

வயர் வெட்டும் குறட்டைத் துடைத்தபடி சொன்னார்: “ஏன் மாஸ்டர், முந்தி எழுதினதே இன்னும் முடியேல்லை. அதுக்குள்ளையே இதையும் போடுவம்.”

உள்ளே என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். கடிதம் கேட்டவர்களும் இப்போது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்: அந்த வருடம் மாரி பெய்தது. வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை.