முப்பது சட்டி மணல்

எண்பதாம் வருஷம் மாசி மாதம், மிளகு பறிக்க வைத்திருந்த ஏணி சரிந்து கண்ணம்மாள் கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்துபோனது. சேலம் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்துவிட்டுத் திரும்பியபோது அவளால் உட்கார முடிந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நகர முடிந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அவள் புருஷன் குழந்தைவேலுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. மாரமங்கலத்துக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் ஏறிப் போனால் பன்னிரண்டு வீடுகள். அதில் கடைசி வீடு அவனுடையது. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் காப்பி. அது போக, பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மிஷினில் அவனுக்கு வேலை இருந்தது. பிள்ளைகள் இல்லை.

இடுப்பு வலியைக்கூடக் கண்ணம்மாள் பொறுத்துக்கொண்டாள். வெளிக்குப் போவதுதான் அவளைக் கொன்றது. வீட்டின் பின்புறம் செம்மண் சரிவு. மழை பெய்துவிட்டால் விளக்கெண்ணெய் ஊற்றியதுபோல வழுக்கும். விடிவதற்கு முன்னால் குழந்தைவேல் அவளை முதுகில் சுமந்து அந்தச் சரிவில் இறங்கி, காப்பிச் செடி மறைவில் உட்காரவைத்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பான். பிறகு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவான். திரும்பி வர மாலை ஐந்து மணி ஆகிவிடும். வீட்டுக்குள்ளேயே ஒரு சட்டி வைத்துப் பார்த்தான். சோறு பொங்கித் தின்கிற ஊட்டுக்குள் அது ஆகாது என்று அவள் அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவன், காலையில் நிரப்பி வைத்த சொம்பு நிரம்பியபடியே இருப்பதைப் பார்த்தான். மறுநாளும் அப்படியே இருந்தது. அவள் உதடு வெடித்திருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்குத் தாகம் எடுக்கவில்லை என்றாள். அவன் விடாமல் கேட்டபோது, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தண்ணி குடிச்சா வெளிய போவோணுமில்லீங்களா. ஆரு தூக்குவாங்க?"

அன்றைக்கே அவன் முடிவு செய்துவிட்டான். பின்கதவுக்கு நேரே குழி தோண்டி, தட்டி மறைப்பில் ஒரு கக்கூஸ்; கதவிலிருந்து அதுவரை பன்னிரண்டடிக்கு வழுக்காத ஒரு தளம்; பிடித்து நடக்க ஒரு மூங்கில் கம்பு. ஏற்காட்டிலிருந்து கொத்தனார் லாசரைக் கூட்டிவந்து காட்டினான். லாசர் பொறுமையான மனுஷன். நூலைப் பிடித்து அளந்து பார்த்து, மூன்றங்குல கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் போதும் என்றார். நாலு மூட்டை சிமெண்ட், அறுபது சட்டி ஜல்லி, முப்பது சட்டி மணல். ஒரே நாள் வேலைதான்.

ஜல்லிக்கு அவன் யாரையும் தேடிப் போகவில்லை. மலையில் கல்லுக்கா பஞ்சம்? தினமும் மாலையில் கருங்கல்லை வைத்துச் சுத்தியால் உடைத்தான். உள்ளே படுத்திருக்கும் கண்ணம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால், கையில் பட்டுவிட்டதா என்று கேட்பாள்.

சிமெண்டு அந்த நாளில் கடையில் கேட்டவுடன் கிடைக்கிற சாமான் அல்ல, சர்க்கார் பர்மிட் வேண்டும். எஸ்டேட் ரைட்டர் கிறிஸ்துதாஸ் அவனுக்காக மனு எழுதிக் கொடுத்தார். எதற்கு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் கேட்டதும், கக்கூஸ் என்று சொல்லக் குழந்தைவேலுக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுத் தளம் என்று எழுதச் சொன்னான். மனு கொடுத்தபின் அரை நாள் லீவு போட்டு ஏழெட்டு முறை தாலுகா ஆபீசுக்குப் போய்வந்தான். ஒவ்வொரு முறையும் ஸ்டாக் வரவில்லை என்ற பதில்தான். அடுத்த வருஷம் ஆவணியில்தான் நாலு மூட்டைக்குப் பர்மிட் வந்தது. அதற்குள் கண்ணம்மாளுக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் கிடந்து எழுந்தாள்.

மணல்தான் கடைசியில் கழுத்தை அறுத்தது. மலையில் மணல் கிடையாது, கீழே சமவெளியிலிருந்துதான் வரவேண்டும். வளைவு வளைவாக இருக்கும் மலைப்பாதையில் முப்பது சட்டி மணலுக்காக எந்த லாரி ஏறும்? முழு லோடு எடுத்தால் வருகிறோம் என்றார்கள், அதைக் கொட்டி வைக்கவும் இடமில்லை, வாங்கவும் வழியில்லை. கடைசியில், வேறொரு எஸ்டேட் பங்களாவுக்கு மணல் ஏற்றிவந்த சுப்பிரமணி என்ற டிரைவர் மனமிரங்கினார். பங்களாவில் இறக்கிய பிறகு மிச்சம் இருப்பதை மாரமங்கலம் பஸ் நிற்கும் இடத்தில் தள்ளிவிட்டுப் போவதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். ஆனால் அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது.

அந்த ஒரு மைலையும் குழந்தைவேல் தலைச்சுமையாகவே ஏறினான். சாக்கில் மூன்று மூன்று சட்டியாக, இரண்டு ஞாயிற்றுக்கிழமை மணல். அதற்குப் பிறகு சிமெண்ட் மூட்டைகள், மூட்டைக்கு ஒரு நடை. வீட்டுக்குள் கண்ணம்மாளின் பாய்க்குப் பக்கத்தில் பலகை போட்டு அவற்றை அடுக்கி, மேலே கம்பளியால் மூடினான். அவளுக்கு வைத்திருந்த ஒரே கம்பளி அதுதான். அவளாகவே எடுத்துக் கொடுத்தாள்.

லாசர் வந்து வானத்தைப் பார்த்தார். தை மாதம் வரை பொறுக்கச் சொன்னார். ஐப்பசி மழையில் மலையில் யாரும் கான்கிரீட் போடமாட்டார்கள் என்றார். குழந்தைவேல் அவரை உள்ளே அழைத்துப் போய் மூட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். ஓரங்கள் ஏற்கெனவே இறுக ஆரம்பித்திருந்தன. வீட்டுக்குள் புகுந்து தங்கிவிடும் பனிமூட்டத்துக்குக் கம்பளி எந்த மூலைக்கு? தை மாதம் வரை வைத்திருந்தால் நாலு மூட்டையும் நாலு கல்லாகிவிடும். இப்போது போட்டால் மழை, பொறுத்தால் பனி.

"வெயிலடிக்கிற நாளாப் பாத்துப் போட்டுருவோமுங்க கொத்தனாரே," என்றான். "இன்னொரு பர்மிட்டுக்கு இவ தாங்கமாட்டா."

கண்ணம்மாளும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இத்தனை நாள் போனது போகட்டும், இன்னும் மூன்று மாதம்தானே என்றாள். அவன் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. காலை எட்டு மணிக்கு இரும்புத் தகட்டில் கலவை போட ஆரம்பித்தார்கள். குழந்தைவேல் புரட்டினான், லாசர் பரப்பி மட்டம் தட்டினார். கண்ணம்மாளைப் பின்கதவோரம் உட்காரவைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு முதல் நாலடி முடிந்ததும் அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. சாம்பல் நிறத்தில், பளபளவென்று ஒரு தளம்.

மூன்று மணிக்கு மூட்டம் இறங்கியது. மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. காப்பி காயவைக்கும் படுதாவையும் சாக்குகளையும் வாழையிலையையும் போட்டு இருவரும் மூடினார்கள். மேலேயிருந்து விழுந்த தண்ணீரை அது தாங்கியது. ஆனால் சரிவின் மேலிருந்து வந்த வெள்ளம் படுதாவுக்கு அடியில் புகுந்தது. மண்ணை அணைத்துத் தடுக்கப் பார்த்தான். அது இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. சிமெண்டு பால்போலக் கரைந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓடியது. குழந்தைவேல் மண்டியிட்டு அந்தக் குழம்பை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மேலே போட்டான். போட்டது விரலிடுக்கில் வழிந்து திரும்ப ஓடியது. லாசர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் எழவில்லை.

"உள்ள வாங்க," என்று கண்ணம்மாள் கதவோரத்திலிருந்து கூப்பிட்டாள். "போதுமுங்க. நனையாதீங்க."

மறுநாள் பார்த்தபோது தளம் இருந்த இடத்தில் ஜல்லி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஓரமாக இரண்டடி கெட்டியாக நின்றிருந்தது. லாசர் கூலி வாங்கிக்கொள்ளாமலேயே போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் மறுபடியும் வந்தது. இந்த முறை சிறுநீரில் ரத்தம் வந்தது. ஊர் ஆண்கள் கம்பில் போர்வை கட்டி அவளைப் பஸ் வரைக்கும் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்டதும், அடிவாரத்தில் குடியிருந்த அவள் தம்பி செல்லப்பன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் வீட்டில் பின்கட்டிலேயே கக்கூஸ் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவளை அழைத்துவரக் குழந்தைவேல் இறங்கிப் போனான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. அவன் மூட்டை கட்டலாமா என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் வரலீங்க," என்றாள். "கோவிச்சுக்காதீங்க. இங்க தண்ணி குடிக்கிறனுங்க."

அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தைக்குள் எப்படியாவது கட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அது ஆகாது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சொல்லாமலேயே காப்பி குடித்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறினான்.

அடுத்த வருஷம் பர்மிட் கெடுபிடி தளர்ந்து ஏற்காட்டுக் கடையிலேயே சிமெண்ட் வந்து இறங்கியது. கிறிஸ்துதாஸ் அவனைத் தேடிவந்து அதைச் சொன்னார். சரிங்க என்று கேட்டுக்கொண்டான். வாங்கப் போகவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அடிவாரம் போவான், அவளுக்குப் பிடித்த கொய்யாவோ ஆரஞ்சோ கொண்டுபோவான். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. செடி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். காய்த்திருக்கிறது என்பான்.

எண்பத்து மூன்று கார்த்திகையில் அவள் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பஸ் கண்டக்டர் சொல்லியனுப்பிய சேதி வந்து சேர்ந்தது. அவன் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

செல்லப்பன் வண்டிக்கு ஏற்பாடு செய்ய வந்தான். "மாமா, அக்காவ மேல நம்ம காட்டுக்கே கொண்டுபோயிரலாமுங்களா?"

குழந்தைவேல் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் சாமி," என்றான். "இங்கயே இருக்கட்டும். அந்தத் தடத்துல இன்னொருக்கா அவளத் தூக்கோணுமா?"

அடிவாரத்திலேயே புதைத்தார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினான். காப்பி பழுத்துச் செடியிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று கிறிஸ்துதாஸ் சொன்னபோது, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, மிஷினைச் சுழற்றும் பட்டையை மாட்டப் போனான்.