மூன்று செக்கன் பார்வை

துறைமுகத்தில் பைலட் லோஞ்ச் என்னும் சிறு விசைப்படகை ஓட்டுவது என் வேலை. உள்ளே வரும் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டு துறைமுக வாய்க்கு வெளியே போக வேண்டும். கப்பல் நிற்காது. அது மெல்ல நகரும்போதே லோஞ்சை அதன் பக்கத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மேலிருந்து தொங்கும் கயிற்றேணியில் பைலட் ஏறும் வரை கை ஆடக்கூடாது. விலகினால் அவர் கடலில் விழுவார். நெருக்கினால் அவருடைய கால் இரண்டு இரும்புக்கும் நடுவில் அகப்படும். பதினாறு வருடங்களாக இதைச் செய்து வந்தேன்.

அந்த ஆண்டு கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று தொடங்கியதும் கண்ணில் மணல் கிடப்பதுபோல உறுத்தியது. பின்னேரமானால் நீர் ஓடும். இவற்றை மனைவி அறிவாள். அவளுக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. கண்ணைச் சிமிட்டியவுடன் எல்லாம் தெளிவாகத் தெரியும்; மூன்று எண்ணுவதற்குள் கலங்கிவிடும். திரும்பச் சிமிட்டினால் தெளியும். அப்படியே சிமிட்டிச் சிமிட்டி ஒரு மாதம் ஓட்டினேன்.

ஒரு மத்தியானம் கோதுமைக் கப்பல் ஒன்று வந்தது. லோஞ்சை ஒட்டிப் பிடித்தேன். பைலட் ஒரு காலை ஏணியில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கப்பலின் பக்கம் முழுவதும் ஒரே சிவப்புப் பூச்சாகக் கலங்கியது. சிமிட்டினேன். தெளியவில்லை. திரும்பச் சிமிட்டித் தெளிந்தபோது லோஞ்சின் விளிம்பு ஏணியை நெரித்துக்கொண்டிருந்தது. பைலட் மற்றக் காலை உதறி இழுத்து மேலே ஏறிவிட்டார். அவருடைய சப்பாத்து மட்டும் தண்ணீரில் மிதந்தது.

கப்பலைத் துறையில் கட்டிய பிறகு பைலட் என்னைத் தேடி வந்தார்.

"என்ன நடந்தது?"

"அலை தூக்கிப்போட்டுது சேர்."

"அலை இல்லை. மேல இருந்து உம்மட முகத்தைப் பார்த்தனான். கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நிண்டனீர். நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டும். டொக்டரின்ர கடிதம் இல்லாமல் லோஞ்சில ஏற வேண்டாம்."

பாலையூற்றில் இருக்கும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. மறுநாள் என்னோடு கண் கிளினிக்குக்கு வந்தாள்.

கண்ணை அளப்பதற்கு ஒரு இளம் பெண் இருந்தாள். கிண்ணியாப் பக்கத்தவள் என்று பேச்சில் தெரிந்தது. சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். கடைசி வரி வரை வாசித்துவிட்டேன். தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருக்காச் சிமிட்டினீங்க," என்றாள் அவள். "இப்ப சிமிட்டாம வாசிங்க, அண்ணன்."

இரண்டு எழுத்து வாசித்தேன். மூன்றாவது இருக்கவில்லை. வெள்ளையில் ஒரு கறுப்பு அழுக்குத்தான் இருந்தது.

"கண்ணீர்ப் படலம் காயுது போல. அளந்து பார்ப்பம்."

மனைவிக்கு அது விளங்கவில்லை. "இவருக்குக் கண்ணால தண்ணி ஓடுது மிஸ். ஓடுற கண் எப்பிடிக் காயும்?"

"காயுறதாலதான் ஓடுது. எரிச்சல் தாங்காமக் கண் ஒரேயடியா ஊத்துது. அது வழிஞ்சு போயிடும். கண்ணுக்கு மேல மெல்லிசாப் படர்ந்து நிக்க வேண்டிய தண்ணிதான் இவருக்கு நிக்குதில்ல."

முகத்தை நீட்டி நாடியைக் கருவியின் தாங்கியில் வைக்கச் சொல்லி, மஞ்சள் சாயம் தோய்ந்த ஒரு தாளைக் கண்ணுக்குள் தொட்டு எடுத்தாள். நீல வெளிச்சம் அடித்தது. சாயம் பரவிய படலத்தில் கறுப்புப் பொட்டு விழும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணுவாளாம்.

"சிமிட்டுங்க. இப்பத் திறந்து வச்சிருங்க. நான் சொல்லும்வரை மூடாதீங்க."

நானும் மனதுக்குள் எண்ணினேன். மூன்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கடிகாரத்தை அமத்திய சத்தம் கேட்டது. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று தரம் அளந்தாள். ஒருதரமாவது நான்கைத் தொடவில்லை. நல்ல கண்ணில் பத்துக்கு மேல் நிற்கும் என்றாள்.

சற்றுப் பொறுத்து, கோடு போட்ட மெல்லிய தாள் துண்டுகளைக் கீழ் இமைகளில் கொளுவிவிட்டாள். ஐந்து நிமிடம். தாளில் ஈரம் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தேன். லோஞ்ச் இல்லாமல் நான் யார் என்று யோசித்தேன். அந்தத் தாள் நனைய வேண்டும் என்று கோயிலுக்கு நேர்த்தி வைக்காத குறை.

"எவ்வளவு நனைஞ்சிருக்கு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நனையுது," என்றாள்.

குரலிலேயே பொய் தெரிந்தது. நேரம் முடிந்து அந்தப் பெண் அளந்தபோது வலது கண்ணில் நான்கு, இடது கண்ணில் மூன்று; பத்தாவது இருக்க வேண்டுமாம்.

டொக்டர் அந்த எண்களைப் பார்த்துவிட்டு என்ன மருந்துக் குளிசை போடுகிறேன் என்று கேட்டார். தும்மலுக்காக இரண்டு வருடமாகத் தினமும் போட்ட குளிசையைச் சொன்னேன். லோஞ்சில் முகத்துக்கு நேரே காற்றாடி வைத்திருப்பதையும் சொன்னேன். இரண்டும் கண்ணைக் காயவைக்கும் என்று நிறுத்தச் சொன்னார். இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் துவாரங்கள் அடைபட்டிருக்கின்றன, சுடுதண்ணீரில் தோய்த்த துணியால் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்றார். சொட்டு மருந்தும் எழுதினார்.

"காற்று இல்லாத நாளில மட்டும் ஓடலாமோ, டொக்டர்?"

"ஏணியில ஆள் தொங்கேக்க ஒண்டு ரெண்டு எண்ணிக்கொண்டு நிக்கப்போறீங்களோ?"

லோஞ்ச் ஓட்ட ஏலாது என்று கடிதம் எழுதினார்.

மூன்று மாதம் கரையில் கயிற்றுக் களஞ்சியத்தில் வேலை. பிறகு அதே பெண் திரும்ப அளந்தாள். எட்டுச் செக்கன்; தாளில் பதினொன்றும் ஒன்பதும். மனைவி தாளை வாங்கித் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். லோஞ்ச் ஓட்டலாம் என்ற கடிதத்தில் டொக்டர் கையெழுத்து வைத்தார். "முழுக்கச் சுகம் எண்டு சொல்ல ஏலாது. கச்சானுக்குத் திரும்ப வரும்," என்றார்.

அந்தக் கடிதத்தோடு எல்லா மாதமும் லோஞ்ச் ஓட்டியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் பொறுப்பதிகாரியிடம் போய், கச்சான் மாதங்களில் என்னைத் துறைமுகத்துக்கு உள்ளே கப்பல் கட்டும் கயிறு கொண்டுபோகும் படகில் போடுங்கள் என்று கேட்டேன். சம்மதித்தார்.

இந்த வருடமும் காற்று தொடங்கிவிட்டது. பைலட் லோஞ்சை இன்னொருவர் ஓட்டுகிறார். நன்றாகவே ஒட்டிப் பிடிக்கிறார். பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு என் வேலையைப் பார்க்கிறேன்.