மூன்று பொட்டு வைத்த கைக்கடிகாரம்

ஒட்டுப்பால் வாடையை நாற்றம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ரப்பர் மரத்தின் வெட்டிலும் கோப்பையின் விளிம்பிலும் காய்ந்து கிடக்கும் பாலைச் சுரண்டிச் சாக்கில் கட்டிவைத்து, அதன்மேல் நல்ல மழையும் பெய்துவிட்டால் ஒரு வாடை வீசும் பாருங்கள், அதுதான் என் அம்மாவின் கை வாடை, அந்தக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் வாடை. மலாக்காவில் அலோர் காஜாவுக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்தில், பாலுக்காக மரம் வெட்டப் போன பெண்களில் கடிகாரம் கட்டியவள் அம்மா ஒருத்திதான், அதுவும் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். அப்பா காய்ச்சலில் போனபோது அவர் கையிலிருந்து கழற்றியதைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். தோல்வார் அறுந்ததும் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி வாராக்கினாள். "என்னா கிராணியம்மா, மணி எத்தன?" என்று, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் பட்டத்தை அவளுக்குச் சூட்டி ஊரே கேலி பேசியது. அம்மா நின்று நிதானமாகப் பார்த்து, மணியைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நாட்டின் நேரத்தையே அரைமணி முன்னால் தள்ளிவைத்தார்கள். எல்லாரும் கடிகார முள்ளை அரைமணி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று ரேடியோ சொன்னது. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு நாள் பேச்சு, அவ்வளவுதான். எங்களுக்கோ விடியுமுன் ஐந்தரைக்கெல்லாம் "பெரட்டு", அதாவது வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் சடங்கு. நேரம் மாறிய பிறகும் எங்கள் தோட்ட நிர்வாகம் அந்த ஐந்தரையை விடாமல் பிடித்துக்கொண்டது. எண் மாறவில்லை, இருட்டுதான் கூடியது. வெட்டு எது பட்டை எது என்று தெரியாத அந்த இருட்டில் போய் நிற்பதற்குப் பெயர் நேர ஒழுக்கமாம்.

"ரேடியோல சொன்னா மரத்துக்குக் கேக்குமா?" என்றாள் அம்மா. முள்ளைத் தொடவில்லை. பழைய மணிப்படியே, அரைமணி பிந்தி, பெரட்டுக்குப் போய் நின்றாள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், "நாட்டுக்கே ஒரு மணி, ஒனக்கு மட்டும் தனி மணியா? வீட்டுக்குப் போ லா" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினார். அன்றைய சம்பளம் போனது. அம்மா வீட்டுக்கு வந்து அழுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ பக்கத்து வீட்டு அக்காவிடம் சிவப்பு நகச்சாயம் இரவல் வாங்கிவந்து, கடிகாரத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அதன் கண்ணாடியில் மூன்று பொட்டு வைத்தாள்.

முதல் பொட்டு ஐந்தின் மேல். அம்மாவின் கடிகாரத்தில் ஐந்து என்றால் ஊர்க் கடிகாரத்தில் ஐந்தரை, பெரட்டு நேரம். இரண்டாவது, என் பள்ளிக்கூடத்தில் ரெஸ்ட் விடும் நேரம். வெட்டி முடித்துப் பால் வடியக் காத்திருக்கும் இடைவேளையில், மற்றவர்கள் வெற்றிலை போட உட்காரும்போது, அம்மா "மங்கு" என்று நாங்கள் சொல்லும் எனாமல் கிண்ணத்தில் சோற்றோடு பள்ளி வேலிக்கு ஓடிவருவாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தின்பேன். மூன்றாவது என் தம்பி சேகருக்கு. கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் "ஆயாக்கொட்டாய்" மூடும் நேரம் அது. அம்மா பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரத் தாமதமானால் ஆயா அவனை வாசலில் உட்காரவைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவாள்.

மறுநாள் சேகரை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் பெரட்டுத் திடலுக்குப் போனேன். ஐந்தரைக்கு அம்மா வரிசையில் நின்றாள். மண்டோர் டார்ச்சை அவள் கையில் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பழைய மணிதானா? கழட்டிக் குடு, நான் சரி பண்றேன்" என்று கையை நீட்டினார். அம்மா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இது எம் புருசன் வச்ச மணி. ஒங்க மணிக்குத்தான் பொட்டு வச்சிருக்கேனே, பத்தாதா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மண்டோர் பெயர் கூப்பிடப் போய்விட்டார். அப்பா போனபிறகு அம்மா நெற்றியில் பொட்டு வைக்கக்கூடாது என்று முடிவுகட்டியவர்களும் அந்த வரிசையில்தான் இருந்தார்கள். அன்று நான் சேகரோடு ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்று நினைத்தால் பெருமை தாங்கவில்லை. சாகும்வரை அவள் சாவி கொடுக்க மறந்ததில்லை, அந்த அரைமணியைக் கூட்டியதும் இல்லை.

அம்மா போனபின் கடிகாரம் என்னிடம் வந்தது. செங் என்ற ஊரில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருக்கும் சேகர் இந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் வைத்தான். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கடிகாரம் கட்டுவது நம் வழக்கமல்லவா, அம்மாவின் கடிகாரத்தையே கட்டவேண்டும் என்று அவனுக்கு ஆசை. நல்ல ஆசைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இருப்பதுபோல் கட்ட அவனுக்கு மனமில்லை. மலாக்கா டவுனில் பழைய கடிகாரங்களைப் புதிதாக்கும் ஒருவரைப் பிடித்திருந்தான்: டயலுக்குப் புதுச் சாயம், உறைக்குப் பாலிஷ், புதுக் கண்ணாடி, புதுத் தோல்வார். பார்த்தால் நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி இருக்கும் என்றான். நேற்று வாங்கியது மாதிரி வேண்டுமென்றால் நேற்றே வாங்கியிருக்கலாமே.

பழையதைப் பழையபடியே காக்கவேண்டும் என்கிறவர்களாவது என் பக்கம் இருப்பார்கள் என்று எண்ணி, கடிகாரம் சேகரிக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறார். டயலைத் தொட்டால் பாவம் என்று அரைமணி பேசினார். பிறகு, "இந்தக் கண்ணாடிய நகச்சாயம் தின்னுருச்சி, தொடச்சாலும் போவாது. தூக்கிப் போட்டுட்டு அந்தக் காலத்து ஒரிஜினல் கண்ணாடியே தேடிப் போடலாம்க்கா" என்றார்.

"அந்தக் காலத்துக் கண்ணாடிதானே தம்பி இது?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புதுப்பிக்கிறவருக்கும் பாதுகாக்கிறவருக்கும் ஆயிரம் சண்டை இருக்கலாம், என் அம்மாவைத் துடைத்தெறிவதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. ஒரிஜினல் என்றால் அவர்களுக்குத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள். எனக்கு, அம்மா தொடைமேல் வைத்துப் பொட்டு வைத்த நாள்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் சேகர் என் வீட்டுக்கே வந்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை, இருக்கவும் நியாயமில்லை. பொட்டு ஒவ்வொன்றும் எதற்கென்று சொன்னேன். மூன்றாவது அவனுக்காக என்றதும் கடிகாரத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான், கண் கலங்கியது. அப்புறம் சொன்னான் ஒரு யோசனை.

"சரிக்கா, ஒம்பேச்சும் வேணாம் எம்பேச்சும் வேணாம். புதுக் கண்ணாடியில அந்த ஒரு பொட்ட மட்டும் அழகா வச்சித் தரச் சொல்றேன்."

"அந்த ஒண்ணு மட்டும் இருந்தா, அம்மா ஒன்ன மட்டுந்தான் பெத்தான்னு ஆயிரும்டா. வேலைக்கே போவலன்னும் ஆயிரும்."

கடிகாரத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு மாலில் வாங்கிய பளபளப்பான கடிகாரத்தைக் கட்டினார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

தோட்டத்தை வெட்டி வீடமைப்புப் பகுதியாக்கிவிட்டார்கள். பெரட்டுத் திடல் இருந்த இடத்தில் தானே திறந்து தானே மூடும் கேட் போட்ட வீடுகள். ஆயாக்கொட்டாயும் இல்லை, பள்ளி வேலியும் இல்லை, பெரட்டில் நின்றவர்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். கடிகாரத்தை நான்தான் கட்டிக்கொண்டு திரிகிறேன், பழைய மணியோடு. மணி தப்பாக ஓடுகிறதே என்று பேங்கிலும் பஸ்ஸிலும் சொல்லாதவர்கள் இல்லை. சேகர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், வாசலில் உட்காரவிடாமல் அவனை அம்மா நேரத்துக்கு வந்து தூக்கினாள் என்பதற்கு என் கையில் சாட்சி இருக்கிறது, அவன் கேட்டாலும் அதை அழிக்கத் தரமாட்டேன்.